கோர்பினை நேரில் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

லண்டன்காரர்களே, லேபர் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பினை நேரில் பார்த்த கதை இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது. 2003 பெப்ரவரி 15, ஈராக் போருக்கு எதிரான பெரிய ஊர்வலம். ஹைட் பார்க் மேடையிலிருந்து வெகு தூரத்தில் நின்றேன். காலுறை இரண்டு போட்டும் விரல்கள் விறைத்துப்போன குளிர். ஒலிபெருக்கியில் பேசுவது யாரென்று பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியிடம் கேட்டேன். பெயரைச் சொல்லி, லேபர் எம்.பி. என்றார். போருக்குப் போகத் துடித்த பிரதமர் பிளேயரின் கட்சியா! நம் ஊரில் இப்படிப் பேசினால் மறுநாள் கட்சியில் இருக்க விடுவார்களா?

—

அண்ணா, நான் அவருடைய தொகுதியில், ஹாலோவேயில் இருந்தவள். சைக்கிளில் போகும்போது எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். 1983இலிருந்து எம்.பி., அதில் முதல் 32 வருசம் அமைச்சர் பதவி எதுவும் இல்லாத பின்வரிசைதான். லேபர் ஆட்சியில் இருந்த 13 வருசத்தில் மட்டும் 400 தடவைக்கு மேல் கட்சிக்கு எதிராக வாக்களித்திருக்கிறார். நிறவெறி எதிர்ப்புக்காக 1984இல் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கைதானவர்.

2009இல் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் குந்தியிருந்தோமே, அப்போது தமிழர் பக்கம் பேசிய சில எம்.பி.க்களில் அவரும் ஒருவர். அதை மறக்க மாட்டேன். ஆனால் ஹமாஸையும் ஹிஸ்புல்லாவையும் நண்பர்கள் என்றதும் அதே வருசம்தான். பிறகு வருந்துவதாகச் சொன்னார். என் யூதத் தோழிக்கு அந்த வருத்தம் போதவில்லை. அவளோடு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டேன்.

—

நான் 2019 டிசம்பர் தேர்தலில், கோர்பின் தலைவராக இருந்தபோது, லேபருக்காக வீடு வீடாக வாக்குக் கேட்கப் போனவன். மழை. நோட்டீஸ் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் கதவைப் பாதி திறந்து, 2018இல் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி மீது நடந்த நச்சுத் தாக்குதலில் ரஷ்யாவை கோர்பின் ஏன் உடனே குற்றம் சொல்லவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சரி என்று திரும்பினேன். இன்னும் மூன்று வீட்டில் இதே கேள்வி. கோர்பினை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த விசயத்தில் அவர் பக்கம் வாதாட என்னால் முடியவில்லை.

—

ஹாலோவேக்காரி மறுபடியும்: 2024இல் கட்சி இடம் தராததால் சுயேச்சையாக நின்றாரே, அப்போதும் 7,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் எங்கள் தொகுதி அவரைத்தான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. என் யூதத் தோழி யாருக்கு வாக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.