மேலத்தெரு குடும்பக் குழு: ராஜம் பெரியம்மாவின் மூச்சிரைப்பு

சுந்தரம் சித்தப்பா, காலை 6.40
ராஜம் அண்ணியை நேற்றிரவு நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டு சென்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். மூச்சு பலமாக வாங்குகிறது. ஆனால் விரலில் மாட்டும் கருவி பிராணவாயு அளவு 98 என்று காட்டுகிறது, நெஞ்சுப் படத்திலும் குறை இல்லையாம். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்கிறார்கள். சர்க்கரை நோயே இல்லாதவருக்கு இது எப்படி வரும் என்பதை மலர் விளக்கினால் நல்லது.

மலர்விழி, காலை 7.15
சித்தப்பா, இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். ரத்தத்தின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலம் ஏறி அது இறங்கும்போது, கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றி உடல் ஈடுகட்டப் பார்ப்பதால், நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கும். பெரியம்மா மூட்டு வலிக்கு என்ன மாத்திரை, எத்தனை நாளாகப் போட்டார் என்று மருத்துவரிடம் சொன்னீர்களா?

கணேசன் அண்ணன், காலை 7.22
குறுவை நடவின்போது வரப்பில் வழுக்கி விழுந்ததிலிருந்து, ஆறு வாரமாக, 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மட்டும் நாளுக்கு நான்கு போடுகிறார். அது காய்ச்சலுக்கு எல்லோரும் போடுவதுதானே என்று நான் சொல்லவே இல்லை.

ரேவதி அண்ணி, காலை 7.30
அது மட்டுமில்லை, மலர். கடைத்தெருவில் காகிதத்தில் மடித்துத் தரும் செட் மாத்திரையும் வாங்கிக் காலையிலும் இரவிலும் போட்டார். பல் கட்டிய பிறகு கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பாடு. போன வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்தன.

மலர்விழி, காலை 7.52
அண்ணி சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். பாராசிட்டமால் கல்லீரலில் உடையும்போது உண்டாகும் நச்சுப் பொருளைக் குளுட்டதையோன் என்ற பொருள் முறிக்கிறது. சரியான சாப்பாடு இல்லாத, மெலிந்த, வயதான உடலில், அதிலும் கிருமித்தொற்றோ சிறுநீரகக் குறைபாடோ சேரும்போது, குளுட்டதையோன் கையிருப்பு தீர்ந்துபோய், அதை உண்டாக்கும் சுழற்சி தடம் மாறி, பைரோகுளுட்டமிக் அமிலம் ரத்தத்தில் தேங்கலாம். இது மிக அரிது. பெரும்பாலும் பெண்களிடம்தான் பதிவாகியிருக்கிறது. நாளுக்கு 4 கிராம் என்ற வரம்பைத் தாண்டாதவர்களுக்கும் வந்திருக்கிறது என்பதால்தான் பலருக்கும் சந்தேகமே வருவதில்லை. பெரியம்மாவுக்கு இதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. தொற்று முற்றினாலும், சிறுநீரகம் பழுதானாலும் அமிலம் ஏறும். அவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

சுந்தரம் சித்தப்பா, காலை 8.10
அப்படியானால் பாராசிட்டமாலை நிறுத்திவிட்டு, வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி போடச் சொல்லட்டுமா? நடவு ஆட்கள் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

மலர்விழி, காலை 8.16
வேண்டவே வேண்டாம், சித்தப்பா. அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சிறுநீரகம் சுணங்கினால் அமிலம் இன்னும் தேங்கும். ஐபுப்ரோபென் அதிக அளவில் நீண்ட நாள் போட்டவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கி அமிலம் ஏறியதும் உண்டு. ஆஸ்பிரின் அளவு மீறினால் நேராகவே அமிலத்தை ஏற்றும். அதற்காக நாளைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலுக்குப் பயந்து நிற்காதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு, அளவோடு போடுவதில் இந்தப் பயம் தேவையில்லை.

கணேசன் அண்ணன், பிற்பகல் 1.40
மருத்துவர் கேட்டுக்கொண்டார். சர்க்கரையாலோ லாக்டிக் அமிலத்தாலோ வந்ததல்ல என்று பரிசோதனையில் தெரிந்ததாம். பாராசிட்டமாலை நிறுத்தி, அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். தொற்றுக்கும் மருந்து போகிறது. செட் மாத்திரையில் என்ன இருந்தது என்று கேட்டார். பெயரில்லாத காகிதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

ரேவதி அண்ணி, பிற்பகல் 2.25
வெற்றிலைச் செல்லத்தின் அடியில் அட்டையிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்று கிடைத்தது. அசிக்ளோபெனாக் 100, பாராசிட்டமால் 325 என்று போட்டிருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

மலர்விழி, பிற்பகல் 2.31
அப்படியானால் நாளுக்கு 2,600 இல்லை, அண்ணி, 3,250 மில்லிகிராம். அதோடு அசிக்ளோபெனாக் என்ற, சிறுநீரகத்தைச் சுணக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அண்ணா, அந்தப் படத்தை இப்போதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.