துக்க வீட்டுல இருக்கவங்களைத் தேத்த மூச்சும் கஞ்சியும் ஜெபமும் எப்படி உதவும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கடலோரச் செவிலி:
நம்ம கன்னியாகுமரிப் பக்கம் துக்க வீட்டுல "மனசு சரியில்ல"ன்னு யாரும் சொல்றதில்ல. "நெஞ்சு அடைக்கு", "சோறு இறங்கல"ன்னுதான் வரும். அதனால உடம்புல இருந்தே தொடங்கணும். வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறினாலும், குளுந்து வேர்த்தாலும் துக்கம்னு விட்டுராதீங்க, உடனே 108.

அது இல்லன்னா மூச்சு. சாய்ஞ்சு உக்கார வச்சு, மூக்கு வழியா 4 எண்ணுறவரை உள்ளே, 6 எண்ணுறவரை வெளியே, 5 நிமிஷம். "நல்லா இழுத்து விடு மக்களே"ன்னு சொல்றதுலதான் காரியம் கெடுது. வேகமா ஆழமா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் நுனி மரத்துத் தலை சுத்தும், பயம் இன்னும் கூடும். இழுக்கிறது சாதாரணமா இருந்தா போதும். மூச்சு வெளியே போற நேரம், மூளையில இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும், அதனால விடுறதுதான் நீளணும்.

குளச்சல் உபதேசியார்:
ஜெபமாலைக்கும் இதே கணக்குதான். 2001-ல இத்தாலியில 23 பேரை வச்சுப் பாத்த ஆய்வுல, லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் மூச்சை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6-க்குக் கொண்டு வந்துச்சு. முன்பாதி ஒருத்தர், பின்பாதி மத்தவங்கன்னு சொல்றதுல மூச்சு வாங்க இடம் கிடைக்கும். நம்ம வீடுகள்ல 53 மணியையும் ஓட்டமா முடிக்கிறோமே, அதுல இது நடக்காது. ஒரு பத்து மணி நிதானமா சொன்னாலே போதும். துக்கப்பட்டவங்களை முன்னாடி நின்னு சொல்லச் சொல்லாதீங்க, பதில் சொன்னா போதும். அழுகை வந்தா ஜெபம் நிக்கட்டும்.

சாமிதோப்பு அண்ணாச்சி:
அய்யாவழியில "சிவசிவா அரகரா" சொல்றவங்களும் இழுத்து, நிறுத்திச் சொல்லிப் பாருங்க. நான் சொல்ல வந்தது பட்டினி பத்தி. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துட்டு ஒண்ணும் சாப்பிடாம இருந்தா ரத்தத்துல சர்க்கரை ரொம்பக் குறைஞ்சு நடுக்கம், வேர்வை, குழப்பம் வரும். சுத்தி நிக்கிறவங்க துக்கத்துல மயங்குறாங்கன்னு நினைப்பாங்க. நினைவு இருந்தா 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கலக்கிக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நினைவு இல்லன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, 108.

சாப்பாட்டுக்கு ஒரு பங்கு அரிசி, கால் பங்கு சிறுபயறு, எட்டுப் பங்கு தண்ணி, உப்பு, நல்லா குழையணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அரைக் கிண்ணம். தட்டு நிறைய சோத்தை வச்சா பாத்ததும் தள்ளிருவாங்க.

தக்கலை மருந்துக்கடை:
ராத்திரிக்கு ஒரு வார்த்தை. சாராயம் தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டு வரும், பாதி ராத்திரியில முழிக்க வச்சிரும். மத்தியானத்துக்கு அப்புறம் சாயா வேண்டாம். அடுத்த வீட்டுத் தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்காதீங்க. கொஞ்ச நாள் தொடர்ந்து போட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம்.

கடலோரச் செவிலி:
2017 ஒகி புயல்ல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு மீனவ ஊர்கள்ல எத்தனையோ வீட்டுக்கு, கடலுக்குப் போனவங்க உடல் வரல. அப்படிப்பட்ட வீட்டுல "காரியத்தை முடிச்சிரலாம்"னு சொந்தக்காரங்க அவசரப்படுத்துறாங்க. எப்போன்னு வீட்டுக்காரங்கதான் சொல்லணும். படத்துக்கு விளக்கு வைக்கிறது வேணும்னாலும் வேண்டாம்னாலும் அவங்க இஷ்டம்.

"நானும் போயிட்டா நல்லது"ன்னு யாராவது சொன்னா, தற்கொலை நினைப்பு இருக்கான்னு நேராவே கேளுங்க. கேக்கிறதால அந்த நினைப்பு புதுசா வராது. ஆளைத் தனியா விடாம, மாத்திரையையும் பூச்சிமருந்தையும் வீட்ல இருந்து மாத்திட்டு, அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு அடிங்க. எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.