தி ப்ராஃபெசி வரிசை: சறுக்கியது எங்கே?

நடுநிசி_வாசகன்:
தேவதூதர்கள் தங்களுக்குள் போரிடும் 'தி ப்ராஃபெசி' திகில் பட வரிசையில், கிரெகரி வைடன் எழுதி இயக்கிய முதல் படம் 1995-ல் வந்தது. அப்புறம் 1998, 2000, கடைசியாக 2005-ல் இரண்டு. இந்த நாலும் நேரடியாக வீடியோவுக்குப் போனவை. வில்லன் தூதன் காபிரியேலாக வந்த கிறிஸ்டோபர் வாக்கன் 3-ஆம் பாகத்தோடு விலகினார், அதனால்தான் 4, 5 தேறவில்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூதர்களுக்கு முதல் படம் போட்ட கட்டுப்பாடுகளைக் கைவிட்டதுதான் கேடு.

காபிரியேலுக்கு கார் ஓட்டத் தெரியாது. தற்கொலை செய்துகொண்டவனைச் சாகவிடாமல் பிடித்து வைத்து டிரைவராக்குகிறான். இதயத்தைப் பிடுங்கினால்தான் தூதன் சாவான். உட்காரும்போது நாற்காலியின் சாய்மானத்து மேல் பறவை மாதிரிக் குந்துகிறான். அந்தக் குந்தலிலேயே இறக்கையை நம்ப வைத்துவிட்டார்கள். சின்ன பட்ஜெட்டில் பரலோக யுத்தம் எடுக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

ரீல்_பெட்டி:
விதி மட்டும் படத்தைத் தாங்குமா சார்? 2-ஆம் பாகத்திலும் அதே விதிதான். காபிரியேலுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதற்காக பிரிட்டனி மர்ஃபி நடித்த இஸ்ஸியைச் சாகவிடாமல் வைத்திருக்கிறான். அந்தக் காட்சிகள் நிற்பது வாக்கன் வசனத்தை எதிர்பாராத இடத்தில் நிறுத்திப் பேசுவதால். அதே படத்தில் எரிக் ராபர்ட்ஸ் இன்னொரு தூதனான மிகாவேலாக வருகிறார். உலகமும் விதியும் ஒன்றுதான், ஆனால் அந்தக் காட்சிகள் படுத்துவிடுகின்றன. 3-இல் வின்சென்ட் ஸ்பானோ நடித்த ஸோஃபேல் என்ற தூதன் துரத்தும்போதும் அதே கதி. நடிகரை எடுத்துவிட்டால் மிச்சம் துரத்தல் மட்டும்தான்.

நடுநிசி_வாசகன்:
வாக்கனே இல்லாத ஒரு காட்சியைச் சொல்கிறேன். முதல் படத்தில் பிணவறை. மேசை மேல் ஊசியேல் என்ற தூதனின் உடல். டாக்டர் ஜோசப் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: கண்ணே கிடையாது, ஆணும் பெண்ணும் சேர்ந்த உடல், எலும்பில் வளர்ந்ததற்கான தடயம் இல்லை. கூடவே கையால் எழுதிய பழைய பைபிள் ஒன்று. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு 22 அதிகாரம்தான், அதில் 23-ஆவது இருக்கிறது. ஒரு அறை, ஒரு மேசை, பேச ஆள். மொத்தப் புராணமும் அங்கேயே நம் தலையில் ஏறிவிடுகிறது. இது முழுக்க எழுத்தின் வேலை.

பட்டறை_மேசை:
இரண்டு பேரும் செய்முறையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நாற்காலி சாய்மானத்தில் ஆள் குந்தினால் எடை பின் கால்களுக்கு வெளியே போய் நாற்காலி கவிழும். காலைத் தரைப்பலகையில் போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் ஃபிரேமில் தெரியாதபடி இருக்கையில் மணல் மூட்டை. ஒரு மணி நேர வேலை. நிஜ இறக்கை செய்தால் தோளில் கட்டும் பட்டை (ஹார்னெஸ்) வேண்டும், இறக்கை கதவில் இடிக்கும், ஒவ்வொரு டேக்குக்கும் இறகு சரிபார்க்க ஒரு ஆள். நிழல் போதுமென்றால் வெட்டிய அட்டையும், ஒளியை மென்மையாக்கும் திரை (டிஃப்யூஷன்) இல்லாத ஒரே விளக்கும். அட்டையை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், ஓரம் மங்கும். சுவருக்குக் கிட்டே வைத்தால் கூர்மை.

பிடுங்கிக் காட்டும் போலி இதயத்தில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள். ஜெலட்டினில் வார்த்தால் விளக்குச் சூட்டில் இளகும். பிளாட்டினம் சேர்த்து இறுக வைக்கும் சிலிக்கான் ரப்பருக்குப் போனால், மாடல் செய்த களிமண்ணில் கந்தகம் இருக்கக் கூடாது. இருந்தால் அச்சு எடுக்கும்போது சிலிக்கான் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், வார்த்ததெல்லாம் வீண். ரத்தத்துக்கு 1 லிட்டர் கார்ன் சிரப், 100 மி.லி. தண்ணீர், சிவப்புச் சாயம். வெறும் சிவப்பு கேமராவில் ரோஸ் அடிக்கும், ஒரு ஸ்பூன் கோகோ பவுடர் அதை அடக்கும். துணியில் கறை போக பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் சேர்ப்பார்கள், நடிகர் வாய்க்குப் போகிற ரத்தத்தில் அதைச் சேர்க்கவே கூடாது.

இதனால்தான் 4-ஆம் பாகத்தை நான் மதிக்கிறேன். அதில் பெலியால் என்ற வில்லன் உடல் விட்டு உடல் மாறுகிறான். பெரிய நடிகர் ஒருவரின் தேதியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ரீல்_பெட்டி:
அதுவே அதன் பலவீனமும். முகம் மாறிக்கொண்டே இருந்தால் யாரைப் பார்த்துப் பயப்படுவது? 4, 5 இரண்டையும் ஜோயல் சாய்சன் ருமேனியாவில் அடுத்தடுத்து எடுத்தார். காமிரா வாடகை, குழுவின் பயணம், லொகேஷன் எல்லாம் ஒரே செலவில் முடியும், சரி. ஆனால் இரண்டு படத்துக்கும் ஒரே கதைதான் பங்கு போடப்படுகிறது. தன்னைத்தானே எழுதிக்கொள்ளும் லெக்சிகன் புத்தகம், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவின் பெயர் அதில் வரும், அந்தப் புத்தகத்தைக் காக்க ஆலிசன் என்ற பெண் ஓடுகிறாள். 5-இல் நடிகர் டோனி டாட் மாதிரி ஒரு குரல் கிடைத்தும் மறுபடி அதே ஓட்டம். மொத்தத்தில் ஒன்றரைப் படத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது.

நடுநிசி_வாசகன்:
5 பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 4-ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன், முதல் பதிவில் அதையும் சேர்த்து அடித்தது என் தவறு. புக்கரெஸ்ட் தெருக்களையும், ருமேனியச் சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்து ரகசியப் போலீஸின் பாவத்தையும் கதைக்குள் இழுத்தது பெரிய காரியம். ஊரே செட்டாகிவிட்டது. ஜான் லைட்டின் லூசிபர் துப்பறிபவன் வேஷத்தில் வந்து மனிதனோடு சேர்ந்து வேலை பார்க்கிறான். முதல் படத்தில் விகோ மோர்டென்சன் செய்த லூசிபரும் மனிதர்களுக்கு உதவினானே, ஏன்? காபிரியேல் ஜெயித்தால் இன்னொரு நரகம் உருவாகும், அது தனக்குப் போட்டி. கருணையே இல்லாமல் நல்லது செய்கிற சாத்தான். 4-இல் பிழைத்தது அந்த லூசிபர்தான், அதற்கு வாக்கன் தேவைப்படவில்லை.

ரீல்_பெட்டி:
அப்படியானால் நீங்களே எனக்குச் சாதகமாகப் பேசுகிறீர்கள். மோர்டென்சன் வருவது கொஞ்ச நேரம்தான், அதிலேயே அந்த ஆளை மறக்க முடியாது. பாத்திரம் ஒன்றுதான், ஜான் லைட்டுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் கொடுத்தும் அந்தக் குளிர் வரவில்லை.

பட்டறை_மேசை:
அதில் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. மோர்டென்சன் பேசும் காட்சிகளில் முகத்துக்குக் கிட்டே, சுற்றிலும் இருட்டாக விட்டு எடுத்திருக்கிறார்கள். 4-இல் லூசிபர் பாதி நேரம் எல்லாரையும் போல ஆபீஸ் வெளிச்சத்தில் நிற்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.