புதுப்பிப்பு: அத்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்தது

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் மாமியாருக்குக் கர்ப்பப்பை இறக்கம், அதைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம் வைத்தும் நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கோவையில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கருவி நுழைத்துச் செய்யும்) முறையில் சரிசெய்துவிட்டார்கள். கர்ப்பப்பையை எடுக்கவில்லை, செயற்கை வலைத்துண்டால் தூக்கி, முதுகுத்தண்டின் அடியிலுள்ள எலும்போடு பிணைத்திருக்கிறார்கள். வயிற்றில் சிறு துளைகள்தான். அதைவிடத் தோள்பட்டை வலிதான் அத்தையைப் படுத்தியது. அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயுவால் வருவதாம். ஓரிரு நாளில் அடங்கிவிட்டது.

வலை அமெரிக்காவில் தடையானதல்லவா என்று கேட்டவருக்கு: 2019-ல் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது, இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலை. அத்தைக்கு வைத்தது வயிற்று வழியாக. ஆனாலும் நன்மை தீமைகளைக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போட்டோம்.

ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். "மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் யார் வைப்பது?" என்று மருத்துவரையே மடக்கினார் அத்தை. இப்போது மாமனார்தான் வைக்கிறார், முனகிக்கொண்டே.