தாத்தாவின் ராலே சைக்கிள்: எந்த ஊர், எந்த வருடம்? கப் ஏறவில்லை, மரை வெட்டலாமா?

கும்பகோணத்தான்:
வணக்கம். தாத்தா ஓட்டிய சைக்கிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா இதை இங்கிலாந்து ராலே என்பார். பெரியப்பா, மேற்கு வங்கத்து அசன்சோலில் செய்த சென்-ராலே என்கிறார். அம்பத்தூர் வண்டி என்று சொல்பவர்களும் உண்டு. பலமுறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது, முன்பக்கப் பெயர்த்தகடும் இல்லை. செயின் வீலில் கொக்குத் தலை மாதிரி வெட்டு இருக்கிறது. பின்சக்கரத்தின் நடுவில் மூன்று கியர் உள்ள ஹப்.

பெடல் அச்சு ஆடுவதால் கடையில் புதுக் கப் (அச்சைத் தாங்கும், மரை வைத்த கிண்ணம்) போட்டுப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு சுற்று ஏறியதும் இறுகிவிட்டது. “மரை தேஞ்சு போச்சு, டேப் போட்டு வெட்டிடலாம்” என்கிறார் கடைக்காரர். டேப் என்றால் புது மரை வெட்டும் கருவி. இந்த ஃபிரேமில் கைவைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பழைய இரும்பு:
வெட்டவே வேண்டாம் தம்பி! மரை தேயவில்லை, அளவுதான் வேறு. கடையில் கிடைக்கும் கப்பில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை. ராலே மட்டும் தன் வண்டிகளுக்கு 26 மரை வைத்தது. அதனால்தான் கொஞ்சம் ஏறி நிற்கிறது. டேப் போட்டால் ஃபிரேமில் இருக்கும் நல்ல மரையும் போய்விடும். கழற்றிய பழைய கப்பைத் தூக்கிப் போடாமல் வாங்கி வாருங்கள். மரையின் மேல் ஸ்கேல் வைத்து அரை அங்குலத்துக்குள் எண்ணுங்கள். 13 வந்தால் ராலே, 12 வந்தால் மற்றவை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தலையிலும் அதே 26தான், அங்கேயும் கண்ட நட்டை முறுக்க விடாதீர்கள்.

அம்பத்தூர் என்பதை விட்டுவிடலாம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கே முதலில் செய்தது ராலே அல்ல, ஹெர்குலிஸ்.

அடுத்து ஹப். ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி ஹப் என்றால் நடுவில் ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும் பக்கத்தில் எண்களும் இருக்கும். முதல் எண் வருடம், அடுத்தது மாதம். ஆனால் சக்கரம் மாற்றியிருக்கலாம், அதனால் ஹப் தேதியை வைத்து மட்டும் ஃபிரேமின் வயதை முடிவு செய்யக் கூடாது. சீட் பக்கம் வெட்டியிருக்கும் சீரியல் எண்ணை எழுதி வையுங்கள். ஆனால் அந்தக் காலத்து ராலே எண்கள் ஒழுங்கான வரிசையில் போகவில்லை, அதனால் அதை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தான்:
ஃபோர்க்கின் மேல்பகுதியையும் பாருங்கோ. றலியில் (நீங்கள் சொல்லும் ராலே) அது குழாய் வடிவில் இருக்கும். இரண்டு பக்கமும் இரட்டைக் கம்பியாக இறங்கினால் ஹம்பர். ஹம்பரை றலி கம்பெனி 1932-இலேயே வாங்கிவிட்டது, ஆகவே 26 மரையை மட்டும் வைத்து றலி என்று முடிவுகட்ட வேண்டாம். செயின் வீலில் கொக்கு இருப்பது றலிக்கு நல்ல அறிகுறிதான். ஆனால் அதுவும் கழற்றி மாட்டக்கூடியது.

கும்பகோணத்தான்:
எல்லாம் பார்த்துவிட்டேன். அரை அங்குலத்தில் சரியாக 13. ஃபோர்க் குழாய் வடிவம். ஹப்பில் 52 5. ஆனால் சென்-ராலேவும் இதே அளவில் செய்திருக்கலாமே? அப்படியென்றால் இங்கிலாந்து நாட்டிங்ஹாமா, அசன்சோலா என்று எப்படித் தெரியும்?

பழைய இரும்பு:
நல்ல கேள்வி. மரை குடும்பத்தைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது. அதற்குப் பழைய எழுத்து வேண்டும். மொத்தப் பெயிண்டையும் உரித்துவிடாதீர்கள், அடியில் எழுத்து இருந்தால் அதுவும் போய்விடும். ஃபிரேம் குழாய்களில் சின்ன இடமாகப் பார்த்து, மிக நைசான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். ஒவ்வொரு அடுக்காக இறங்கட்டும். எழுத்தின் ஓரம் தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும்.

கும்பகோணத்தான்:
அண்ணா, கிடைத்துவிட்டது! அடியில் கறுப்பு. அதன்மேல் தங்க நிறத்தில் “நாட்டிங்ஹாம் இங்கிலாந்து”. முதல் சொல் பாதிதான் தெரிகிறது, ஆனால் சந்தேகமே இல்லை. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

பழைய இரும்பு:
ரொம்ப சந்தோஷம்! அப்படியானால் ஹப் 1952 மே. ஹப் செய்த பிறகுதான் வண்டியில் பூட்டுவார்கள். அதனால் சக்கரம் மாறவில்லை என்றால் அந்த வருடப் பிற்பாதி வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். எழுத்தின்மேல் பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம், மெழுகு போதும்.

அச்சு ஆட்டத்துக்குப் பழைய கப்பையே போடுங்கள், அந்த எஃகு அருமையானது. உள்பக்கம் குழி விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குக் கால் அங்குல பால்ஸ் 11, புது கிரீஸ், தேவையானால் புது அச்சு. செயின் பக்கக் கப்பின் மரை எதிர்த்திசை. கடையில் வழக்கம்போலத் திருப்பி இறுக்கிவிடாமல் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.