மறு: 'டாக்ஸி சோதனை'க்குத் தமிழில் என்ன?

> ஸ்ட்ராடோலாஞ்ச் நிறுவனத்தின் ராட்சத விமானம் (சுமையை உயரத்துக்குத் தூக்கிச் சென்று அங்கிருந்து விடுவது) பற்றிய கட்டுரையில், பறக்கும் முன் அதைத் தரையில் ஓட்டிப் பார்த்ததை 'டாக்ஸி சோதனை' என்றே எழுதிவிட்டேன். 'வெள்ளோட்டம்' என்று மாற்றிவிடலாமா? விமானத்தை 'ஏவுவிமானம்' எனலாம் அல்லவா?

வெள்ளோட்டம் வேண்டாம் ஐயா. 'டாக்ஸி'யும் வேண்டாம், கால் டாக்ஸிதான் நினைவுக்கு வரும். தேர் ஓடுவதற்கென்றே செய்தது. திருவிழாவுக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். விமானத்தின் வேலை பறப்பது. ஆகவே அந்தச் சொல் 2019 ஏப்ரல் 13-ல் கலிஃபோர்னியாவின் மொஹாவியில் 149 நிமிடம் நடந்த முதல் பறப்புக்குத்தான் பொருந்தும்.

அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக நடந்தது வேறு. 117 மீட்டர் இறக்கை, இரண்டு உடல், ஆறு எஞ்சின், 28 சக்கரம். விமானிகள் உட்காருவதோ வலது உடலில். இப்படி ஒன்றைத் தரையில் நேராக ஓட்டி, திருப்பி, பிரேக் பிடித்து நிறுத்த முடிகிறதா என்பதே முதல் கேள்வி. 2017 டிசம்பரில் மணிக்கு 45 கி.மீ. அடுத்த பிப்ரவரியில் 74. 2019 ஜனவரியில் 219 கி.மீ. தொட்டபோது மூக்குச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, பறக்கவில்லை. அப்படிப் படிப்படியாக வேகம் கூட்டியதற்கு 'தரையோட்டம்' போதும். மெதுவேகத் தரையோட்டம், அதிவேகத் தரையோட்டம் என்று பிரிக்கவும் வசதி. குழுவில் ஒருவர் சொன்ன 'ஓடுதளச் சோதனை', தார் போட்டது சரியா என்று பார்க்கிற மாதிரி இருக்கிறது.

'ஏவுவிமானம்' எனக்கு ஒத்துவரவில்லை. ஏவுகணையில் ஏவப்படுவது கணை. ஏவுதளத்தில் ஏவப்படுவது தளமல்ல. நம் சொல்லை முதல்முறை பார்ப்பவர் எந்தப் பக்கம் சாய்வார்? விமானத்தையே ஏவுகிறார்கள் என்றுதான் நினைப்பார். 'ஏர் லாஞ்ச்' என்பதை 'வானேவல்' என்பது இன்னும் மோசம், பில்லி சூனியத்தோடு போய்ச் சேரும்! அப்புறம், இந்த விமானம் எதையும் உந்தி ஏவுவதில்லை. நடு இறக்கையின் கீழே மாட்டியதை உயரத்தில் கழற்றி விடுகிறது, அதன் எஞ்சின் பிறகு பற்றிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன் 2011-ல் ஸ்ட்ராடோலாஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கியபோது நோக்கம் செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதைக்கு அனுப்புவது. 2018-ல் அவர் மறைந்தார், அடுத்த ஆண்டு நிறுவனம் கைமாறியது. இப்போது விமானம் சுமப்பது ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் பாயும் டேலன் என்ற ஆளில்லாச் சோதனை ஊர்தி, சுற்றுப்பாதைக்கே போவதில்லை. சுமை எதுவானாலும் மாறாத பெயராக 'தாய்விமானம்' என்றே வைக்கலாம். தாய்க்கப்பல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. 2022 அக்டோபரில் டேலனை மாட்டிக்கொண்டு பறந்து, கழற்றாமலே திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் சோதனைக்கு 'பிணைப்புப் பறப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. 'சுமைப் பறப்பு' என்றால் சரக்கு விமானம் வந்து குறுக்கே நிற்கிறது. யாரிடமாவது நல்ல சொல் உண்டா?