இதய ரத்த ஓட்ட ஸ்கேன்: இன்னும் உறுத்துற ஒரு கேஸ் இருந்தா சொல்லுங்க

ஐசோடோப்
அடினோசின் ஸ்ட்ரெஸ் கேஸ், அதாவது ஓட வைக்காம மருந்து ஏத்தி இதய ரத்தக்குழாயை விரிய வெச்சு எடுக்கிறது. கிலோவுக்கு நிமிஷத்துக்கு 140 மைக்ரோகிராம், மொத்தம் 6 நிமிஷம், 3-வது நிமிஷத்துல செஸ்டமிபி (இதயத்தசையில படிஞ்சு படம் காட்டுற கதிரியக்க மருந்து). பம்ப் சரி, டோஸ் சரி. ஆனா அந்த அம்மாவுக்கு முகம் சிவக்கல, மூச்சு வாங்கல, நாடித்துடிப்பும் ஏறல. படம் சுத்தமா வந்துச்சு. மேசையை விட்டு இறங்கும்போது சொன்னாங்க: "காபி தொடவே இல்ல தம்பி, காலையில ஒரு டீதான்." கையில கொடுத்த தாள்ல காபின்னு மட்டும்தான் இருந்துச்சு. அடினோசின் போய் உட்காரவேண்டிய ஏற்பியில கஃபீன் முன்னாடியே உட்கார்ந்துடும், ரத்தக்குழாய் விரியாது. இதுக்கு "நார்மல்"னு ரிப்போர்ட் போகவே கூடாது. வேற நாள் திரும்ப எடுக்கணும்.

காமாகேமரா
மேல சொன்னவருக்கு: முகம் சிவக்காததை மட்டும் வெச்சு மருந்து வேலை செய்யலன்னு முடிவு கட்டாதீங்க. நாடித்துடிப்பு ஏறாதவங்களுக்கும் இதய ரத்தக்குழாய் நல்லா விரிஞ்சிருக்கலாம். கஃபீனைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். டீ, கோலா, சாக்லேட், சில தலைவலி மாத்திரை, எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேட்கணும். இழுப்புக்கு டெரிஃபிலின் எடுக்கிறவங்களும் இதே கணக்குதான். இழுப்பு அடங்காத ஆளுக்கு அடினோசினே கூடாது, இதயத்தை வேகமா துடிக்க வைக்கிற டோபுடமின் பக்கம் போகணும்.

எனக்கு உறுத்துறது வேற. தொப்பை பெருத்த ஒருத்தருக்கு இதயத்தோட கீழ்ச்சுவர்ல குறை (மருந்து சரியா தெரியாத இடம்), ஓய்வுல எடுத்த ரெஸ்ட் படத்துலயும் ஸ்ட்ரெஸ் படத்துலயும் அப்படியே. பழைய அட்டாக் தழும்புன்னு எழுதிட்டாங்க. கேட்டட் படத்துல (துடிப்போட சேர்த்து எடுக்கிற அசையும் படம்) அதே சுவர் நல்லா தடிச்சு சுருங்குது! தழும்பு எப்படிச் சுருங்கும்? உதரவிதானம் கதிரை மறைச்சிருக்கு. குப்புறப் படுக்க வெச்சு இன்னொரு முறை எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பெண்களுக்கு மார்பகத்தால முன்சுவர்ல இதே ஏமாத்து வரும்.

இதயஅறை
நீங்க சொல்றது இல்லாத நோயைக் காட்டுற கேஸ். இருக்கிற நோயை மறைக்கிறதுதான் பயங்கரம். ஒருத்தருக்கு இதய ரத்தக்குழாய் மூணுலயும் அடைப்பு, கலர் படம் எங்கேயும் குறையில்லாம சமமா இருந்துச்சு. இந்தப் படம் ஒப்பீடுதானே. அதிகமா ஒளிர்ற இடத்தை நூறுன்னு வெச்சு மத்ததை அளக்குது. எல்லா இடமும் சேர்ந்து குறைஞ்சா குறையே தெரியாது. ஆனா ஸ்ட்ரெஸ் படத்துல இடது கீழறை ரெஸ்ட் படத்தைவிடப் பெருசா இருந்துச்சு, ஸ்ட்ரெஸுக்கு அப்புறம் சுருங்கும் திறனும் இறங்கியிருந்துச்சு. இந்த ரெண்டையும் பார்க்காம கலரை மட்டும் படிச்சிருக்காங்க. ஆஞ்சியோலதான் வெளிய வந்துச்சு.

வார்டுசிஸ்டர்
ஊசி வெளியே கசிஞ்ச கேஸ் ஒண்ணு. முழங்கை மடிப்புல ஒரு வெளிச்சப் பொட்டு, இதயத்துல இருந்து கேமராவுக்குக் கதிர் எண்ணிக்கையே வரல. அவ்வளவுதான்.

யாரும் கேட்கலைன்னாலும் டெஸ்டுக்குப் போறவங்களுக்கு இதைச் சொல்லிடறேன். டீ, காபி 24 மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுங்க. கஃபீன் நீக்கின காபியும் வேண்டாம், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும், நீங்களா நிறுத்தாதீங்க. டிரெட்மில்லா இருந்தா 220-ல வயசைக் கழிச்சு, அதுல 85 சதவீதம் வரைக்கும் துடிப்பு ஏறணும். கதிரியக்க மருந்து ஊசி போட்ட உடனே காலை நிறுத்திடாதீங்க, இன்னும் ஒரு நிமிஷமாவது நடக்கணும். அது இதயத்தசையில படியறது அந்த நேரத்துலதான். இடது பக்க பண்டில் பிளாக் (இதயத்தோட மின்பாதையில தடை) இருக்கிறவங்களை ஓட விடக்கூடாது, நடுச்சுவர்ல பொய்க் குறை வரும். அவங்களுக்கு அடினோசின். கேமராவுக்குக் கீழ கையை மேல தூக்கிக் கால் மணி நேரமாவது அசையாம இருக்கணும், தோள் வலி இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. நடுவுல அசைஞ்சா படம் கலங்கிடும், திரும்ப எடுக்கணும். கல்லீரல்ல மருந்து தங்கி கீழ்ச்சுவரை மறைச்சா பால் குடிச்சு, நடந்துட்டு வரச் சொல்வாங்க. கர்ப்பமா இருந்தா, தாய்ப்பால் கொடுக்கிறவங்களா இருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லணும். அடுத்த சில நாள்ல விமானப் பயணம் இருந்தா டெஸ்ட் எடுத்ததுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கோங்க, கதிர் கண்டறியற கருவி சத்தம் போடலாம்.

ஐசோடோப்
@காமாகேமரா, துடிப்பு விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். ஆனா டீ குடிச்சது தெரிஞ்ச பிறகும் அந்தப் படத்தை ரிப்போர்ட்டுக்கு அனுப்பினாங்களே, என் கேள்வி அதுதான்.